எட்வின் ஜாக்சன்: 14 அணியா, 16 அணியா? ஒரே நாளில் மூன்று அணி எப்படி?

செங்காங்_சாஃப்ட்பால்

எல்லாருக்கும் வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பாலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக, மாதம் ஒரு விளையாட்டாளரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தமிழில் தயாராகிறது. இந்த மாதம் பேஸ்பால் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) எட்வின் ஜாக்சன். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் 14 அணிக்கு ஆடியவர் என்றதும் பிள்ளைகளே கேட்டு வாங்கிய பெயர்.

புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றுது. அணி மாறிய இடங்களை வரிசையாக எண்ணினால் 16 வருது. டெவில் ரேஸ், ரேஸ் இரண்டையும் தனியாக எண்ணினால் 17. எல்லாரும் 14 என்றே எழுதுகிறார்கள். 2011 ஜூலை 27 அன்று ஒரே நாளில் வைட் சாக்ஸ், புளூ ஜேஸ், கார்டினல்ஸ் என்று மூன்று அணியில் இருந்தாராம். ஆனால் 2011 வரிகளில் புளூ ஜேஸ் பெயரே இல்லை. 2019ல் 67.2 இன்னிங்ஸ், 72 ரன். 72ஐ 9ஆல் பெருக்கி 67.2ஆல் வகுத்தால் 9.64 வருது, பக்கத்திலோ ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு பிட்ச்சர் தன் பொறுப்பில் விட்ட ரன்) 9.58.

கடைசியாக, இதுதான் முக்கியம். 107 வெற்றி, 133 தோல்வி, மொத்த ஈஆர்ஏ 4.78. இப்படிப்பட்டவருக்கு 2003 முதல் 2019 வரை 17 சீசன் எப்படி வேலை கிடைத்தது? "எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாதவர்" என்று எழுதிவிடலாமா?

---

காலாங்_இடக்கை

கணக்கை முதலில் முடிச்சிடலாம்.

16 என்று எண்ணியது தப்பில்லை, அது பயணக் கணக்கு. வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு 2012லும் 2017லும், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு 2009லும் 2019லும் இரண்டிரண்டு முறை ஆடியிருக்கார். திரும்பி வந்த அந்த இரண்டைக் கழித்தால் 14. டெவில் ரேஸ், ரேஸ் இரண்டும் தாம்பா பே கிளப்தான். 2008ல் பெயரிலிருந்து "டெவில்" போனது, அவ்வளவுதான். பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் கிளப் ஒன்று என்றால் எண்ணிக்கையும் ஒன்றே.

நேரே எடுத்துப் போட்டுக்கொள்ள, ஆடிய வரிசைப்படி: டாட்ஜர்ஸ், டெவில் ரேஸ்/ரேஸ், டைகர்ஸ், டயமண்ட்பேக்ஸ், வைட் சாக்ஸ், கார்டினல்ஸ், நேஷனல்ஸ், கப்ஸ், பிரேவ்ஸ், மார்லின்ஸ், பாட்ரேஸ், ஓரியோல்ஸ், அத்லெட்டிக்ஸ், புளூ ஜேஸ்.

புளூ ஜேஸ் கடைசியில் இருப்பதைப் பாருங்க. 2011 ஜூலை 27ல் வைட் சாக்ஸ் அவரையும் மார்க் டீஹனையும் புளூ ஜேஸுக்குக் கொடுத்து, ஜேசன் ஃப்ரேசரையும் சாக் ஸ்டூவர்ட்டையும் வாங்கியது. அதே நாளில் புளூ ஜேஸ் அவரை கார்டினல்ஸுக்கு அனுப்பி கோல்பி ராஸ்மஸை எடுத்துக்கொண்டது. சில மணி நேரம் காகிதத்தில் டொரொண்டோக்காரர். ஒரு பந்துகூட வீசவில்லை. ஆட்டத்தில் இறங்கினால்தான் வரி விழும், அதனால்தான் 2011ல் அவர்கள் பெயர் இல்லை. எட்டு ஆண்டு கழித்து 2019 மே 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே புளூ ஜேஸ் சட்டையோடு இறங்கியபோதுதான் 14வது அணி ஆனது.

பிள்ளைகளுக்குப் பிடிக்கிற ஒரு துணுக்கு. அதுவரை 13 அணியோடு சாதனை வைத்திருந்தவர் ஆக்டாவியோ டோட்டெல். அந்த 2011 ஜூலை 27 ஒப்பந்தத்தில் ஜாக்சனோடு டொரொண்டோவிலிருந்து கார்டினல்ஸுக்குப் போனவர்களில் அவரும் ஒருத்தர். பழைய சாதனையாளரும் புதிய சாதனையாளரும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்பப்பட்டு, அந்த அக்டோபரில் ஒன்றாக உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்றார்கள்.

இன்னொன்று. பழைய கட்டுரையைப் பார்த்து "தனிச் சாதனை" என்று போட்டுடாதீங்க. 2025 ஜூலையில் ரிச் ஹில் 45 வயதில் கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசி 14ஐத் தொட்டுவிட்டார். "சாதனையைப் பகிர்ந்துகொள்பவர்" என்பதுதான் சரி.

67.2 என்பது தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அவுட் எண்ணிக்கை. 67 முழு இன்னிங்ஸ், மேலே 2 அவுட், அதாவது 67⅔. கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலரை ஓவர் என்று நமக்குத் தெரியுமே, அதே பழக்கம். 72 x 9 = 648. அதை 67.667ஆல் வகுத்தால் 9.58 வந்துவிடும். அணி வாரியாகவும் சோதிக்கலாம். டொரொண்டோ 28.1 இன்னிங்ஸில் 35 ரன், 11.12. டெட்ராய்ட் 39.1 இன்னிங்ஸில் 37 ரன், 8.47. இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது .1ஐயும் .1ஐயும் சேர்த்தால் .2. ஆனால் .2ஐயும் .1ஐயும் கூட்டும் நாளில் .3 என்று எழுதக்கூடாது, அது ஒரு முழு இன்னிங்ஸ். எக்செல் தாளில் அப்படியே கூட்டினால் இங்கேதான் பிசகும். அவுட்டாக மாற்றிக் கூட்டிவிட்டுத் திரும்ப மூன்றால் வகுங்க.

---

தே_ஓ_கோசோங்

"வைத்துக்கொள்ள விரும்பாதவர்" வேண்டவே வேண்டாம். காற்பந்துக் கண்ணாடி போட்டுப் பார்ப்பதால் வரும் தவறு இது.

காற்பந்தில் ஆட்டக்காரர் சம்மதிக்காமல் அவரை இன்னொரு கிளப்புக்கு விற்க முடியாது. மேஜர் லீக்கில் முடியும். ஒருவரைக் கேட்காமலே அவருடைய ஒப்பந்தத்தை இன்னொரு கிளப்புக்குக் கொடுத்துவிடலாம். தடுக்கும் உரிமை 10 ஆண்டு சேவை, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே கிளப்பில் இருந்தவருக்குத்தான் தானாகக் கிடைக்கும். மற்றவர்கள் ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கினால் உண்டு. ஜாக்சன் மாதிரி ஊர் ஊராகப் போனவருக்கு அந்த "கடைசி 5" எப்படி வரும்? மாற்றப்படுவதே அடுத்த மாற்றத்துக்கு வழி விடுது.

சேவை ஆண்டு எப்படி எண்ணப்படுது என்றால், சீசனில் மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. 3 ஆண்டு ஆனதும் சம்பளத்தை நடுவர் முன் வைத்துக் கேட்கலாம். 6 ஆண்டு ஆனால் ஃப்ரீ ஏஜென்ட், விரும்பிய அணியோடு பேசலாம். ஜாக்சனின் பாதையை இதோடு ஒட்டிப் பாருங்க. 2011 முடியும் வரை நடந்த மாற்றம் எல்லாம் டிரேட், அதாவது கிளப்புகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது. 2006 ஜனவரியில் தாம்பா பே, 2008 டிசம்பரில் டெட்ராய்ட், 2009 டிசம்பரில் அரிசோனா, 2010 ஜூலையில் வைட் சாக்ஸ், 2011ல் அந்த இரட்டைத் தாவல். ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கம் விலை கொடுத்திருக்கு. டெட்ராய்ட் 2009ல் அவரை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அனுப்பியது. அந்த ஆண்டு 13 வெற்றி, 9 தோல்வி, ஈஆர்ஏ 3.62. அதே டிசம்பரில் யாங்கீஸும் அரிசோனாவும் சேர்ந்த மூன்று அணி ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார்கள். டெட்ராய்ட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தர் மேக்ஸ் ஷெர்சர். அவர் 2013ல் டெட்ராய்ட்டுக்காக, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார். யாருக்கும் வேண்டாத சரக்கைக் கொடுத்து ஷெர்சரை வாங்க முடியாது.

2011ல் ஏன் மாற்றினார்கள்? சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார், அப்போது கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் ஜூலை கடைசிக்குள் விற்றாக வேண்டும். வாங்கும் கார்டினல்ஸுக்கோ இரண்டு மாதமும் ஓர் அக்டோபரும் போதும்.

ஃப்ரீ ஏஜென்ட் ஆனதும் நேஷனல்ஸ் 2012க்கு மட்டும் 11 மில்லியன் டாலர் கொடுத்தது. அடுத்து கப்ஸ் 4 ஆண்டுக்கு 52 மில்லியன்: கையெழுத்துப் போட்டதற்கு 8, பிறகு ஆண்டுக்கு 11. இந்த ஒப்பந்தம்தான் அவருடைய இரண்டாம் பாதியைப் புரிந்துகொள்ளச் சாவி. 2013ல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014ல் ஈஆர்ஏ 6.33. 2015 ஜூலையில் கப்ஸ் விடுவித்தது. ஆனால் மேஜர் லீக் ஒப்பந்தப் பணம் உத்தரவாதமான பணம். ஆட்டக்காரரை அனுப்பலாம், பணத்தை நிறுத்த முடியாது. 2016க்கான 11 மில்லியன் பாக்கி கப்ஸ் தலையில். இன்னொரு அணி அவரை எடுத்தால் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் போதும், அது கப்ஸ் கொடுக்கும் தொகையில் கழியும். 2016ல் குறைந்தபட்சம் 507,500 டாலர். மார்லின்ஸ் கண்ணோட்டத்தில் பாருங்க: உலகத் தொடர் அனுபவமும் நோ-ஹிட்டரும் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத முழு ஆட்டம்) உள்ள பிட்ச்சர், அடிமட்ட விலையில். சரிப்படாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. மார்லின்ஸ் விட்டதும் அதே கணக்கில் பாட்ரேஸ் எடுத்தது. கப்ஸ் 108 ஆண்டுக்குப் பிறகு கோப்பை தூக்கிய 2016ல் ஜாக்சன் வேறு அணிகளில் இருந்தார், சம்பளத்தின் பெரும்பங்கு கப்ஸிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அணி எண்ணிக்கை 2015க்குப் பிறகு திடீரென்று ஏறியதற்கு முக்கியக் காரணம் இந்த மலிவு விலை.

---

ஈசூன்_வாசகி

அண்ணே, டிஎஃப்ஏ (designated for assignment) என்று ஆங்கிலத்தில் வருதே, அதைத் தமிழ்க் குறிப்பில் "பணிநீக்கம்" என்று போடலாமா? செய்திகளில் "நீக்கப்பட்டார்" என்றுதான் பார்த்த மாதிரி இருக்கு.

---

தே_ஓ_கோசோங்

போடக்கூடாதும்மா. டிஎஃப்ஏ என்பது நடுவழி நிலை, முடிவு கிடையாது.

ஒவ்வொரு கிளப்பும் 40 பேர் பட்டியல் ஒன்று வைத்திருக்கும். அதற்குள்தான் ஆட்டத்துக்குத் தயாராக இருக்கும் 26 பேர் (2019 வரை 25). புது ஆளைச் சேர்க்க இடம் இல்லை என்றால் ஒருவரை டிஎஃப்ஏ செய்து 40 பேர் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடுவார்கள். அப்போதிருந்து 7 நாள் கெடு. அதற்குள் டிரேட் செய்யலாம், வேவரில் (மற்ற அணிகள் கேட்டு எடுத்துக்கொள்ளும் முறை) வைக்கலாம், விடுவிக்கலாம். வேவரில் வைத்தால், தரவரிசையில் கீழே இருக்கும் அணிக்கு முதல் உரிமை. எடுக்கும் அணி ஒப்பந்தத்தையும் சேர்த்தே சுமக்கணும். கப்ஸ் ஒப்பந்தம் மாதிரி 11 மில்லியன் தொங்கினால் யார் தொடுவார்கள்? அதனால்தான் பெரிய சம்பளக்காரர்கள் வேவரைத் தாண்டி விடுவிப்புவரை போய், பிறகு குறைந்த விலைக்கு வேறிடம் சேர்கிறார்கள்.

யாரும் எடுக்காவிட்டால் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு இறக்கிப் பார்க்கலாம். 3 ஆண்டு சேவை உள்ளவர் அதை மறுத்து வெளியேறலாம், ஆனால் மிச்சச் சம்பளம் போய்விடும். 5 ஆண்டு சேவை இருந்தால் மறுத்தும் சம்பளம் வாங்கலாம். இந்த 3, 5 வித்தியாசத்தைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

"பட்டியலிலிருந்து விலக்கி 7 நாள் கெடுவில் வைத்தார்கள்" என்று எழுதுங்க. நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

ஓய்வூதியத்தை யாராவது கேட்பார்கள் என்பதால் சேர்த்துச் சொல்லிடறேன். மேஜர் லீக் பட்டியலில் 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத் தகுதி வந்துவிடும், முழு அளவு எட்ட 10 ஆண்டு. நம்ம மத்திய சேமநிதி மாதிரி அவரவர் கணக்கில் சேர்ந்த பணம் என்று பிள்ளைகளுக்கு விளக்கிடாதீங்க. இது சேவை நாளை வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியம். ஓரத்தில் நிற்கும் பிட்ச்சருக்கு மேஜர் லீக்கில் ஒரு வாரம் கூடுதலாக இருப்பது ஏன் பெரிய விஷயம் என்பதும் இதில் புரியும்.

---

பிடோக்_பேக்ஸ்டாப்

பணம் பாதிக் கதை. மைதானத்தில் பார்த்தால் ஜாக்சன் கதையே "வாக்" கதை, அதாவது குறி தவறிய நான்கு பந்து வீசி, அடிக்காமலே ஆளை முதல் பேஸுக்கு விடுவது.

2010 ஜூன் 25, தாம்பா பேயின் டிராப்பிக்கானா ஃபீல்ட். அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான ரேஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் போட்டார். ஸ்கோர் 1-0. இரண்டாவது இன்னிங்ஸில் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன்தான் அந்த ஒரே ரன். ஹிட் இல்லை, சரி. ஆனால் 8 வாக். அதில் 7 முதல் மூன்று இன்னிங்ஸிலேயே. மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்கூட இல்லாமல் மூன்று பேருக்கு வரிசையாக வாக் கொடுத்து பேஸ் நிரம்பிவிட்டது. அங்கிருந்து ரன் விடாமல் தப்பினார். முடிக்கும்போது 149 பந்து. இந்தக் காலத்தில் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்) 100ஐத் தொட்டதும் புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் தயாராகும் இடம்) ஆள் எழுந்து கை சுழற்ற ஆரம்பித்துவிடுவார். மேனேஜர் ஏ. ஜே. ஹிஞ்ச் அன்றைக்கு எடுக்காமல் விட்டார்.

2011 உலகத் தொடரின் 4வது ஆட்டத்தில் கார்டினல்ஸுக்காக ஸ்டார்ட் செய்தபோது 7 வாக். 0-4 தோல்வி. ஒரு நாள் 8 வாக் கொடுத்து வரலாறு, இன்னொரு நாள் 7 வாக் கொடுத்துத் தோல்வி. ஆள் ஒன்றே, பந்து ஒன்றே.

ஏன் இப்படி என்று சாஃப்ட்பால் பிள்ளைகளுக்கு எண்ணில் காட்டலாம். பேஸ்பாலில் பிட்ச்சர் மிதிக்கும் ரப்பரிலிருந்து அடிப்பவர் பக்கத்து பிளேட் 18.44 மீட்டர். முன்னே எட்டி வைத்து வீசுவதால் கையை விட்டுப் பந்து போகும் இடத்திலிருந்து 17 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. விடும் கோணம் 1 பாகை பிசகினால் பிளேட்டில் பந்து சுமார் 30 செ.மீ. தள்ளிப் போகும். பிளேட்டின் அகலமே 43 செ.மீ.தான். நடுவில் குறி வைத்தது வெளியே போக அந்த ஒரு பாகை போதும். பெண்கள் சாஃப்ட்பாலில் தூரம் 13.11 மீட்டர், அங்கே அதே பிசகு 20 செ.மீ. அளவில் நிற்கும். அதனால்தான் சாஃப்ட்பாலில் பரவாயில்லை என்று தோன்றும் கை, பேஸ்பால் மேட்டில் ஏறினால் தடுமாறும்.

பிசகு எங்கிருந்து வருது? மேல்கை வீச்சில் பந்தைச் சீக்கிரம் விட்டால் உயரமாக, வீசும் கைப் பக்கமாக ஓடும். தாமதமாக விட்டால் தாழ்வாக, கிளவ் பக்கமாக மண்ணில் விழும். ஒரே பக்கமாகத் தவறினால் திருத்துவது சுலபம். இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறினால்தான் வினை. முன்தோள் சீக்கிரம் திறப்பது, இறங்கும் கால் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் படுவது, இரண்டையும் பாருங்க. ஆளுக்குத் தொடர்ந்து பத்து பந்து வீசச் சொல்லி, மண்ணில் பாதத் தடம் எத்தனை இடத்தில் விழுந்திருக்கு என்று அளந்தாலே பாதி பதில் கிடைக்கும். ஒரே குழியில் விழணும்.

அணி மாறும் பிட்ச்சருக்கு அந்தக் குழியே பிரச்சினை. மேட்டின் உயரம் 10 அங்குலம், சரிவு அடிக்கு ஒரு அங்குலம் என்று விதி எல்லா மைதானத்துக்கும் ஒன்றுதான். ஆனால் களிமண்ணின் இறுக்கம் ஊருக்கு ஊர் வேறு. எதிரணி பிட்ச்சர் கால் ஊன்றிய பள்ளம் நம்ம இறங்குமிடத்துக்கு அரை அடி பக்கத்தில் இருந்தால் கணுக்கால் ஆடும், பந்து உயரும். வார்ம்-அப் பந்துகளிலேயே ஸ்பைக்கால் மண்ணைத் தள்ளி நிரப்புவது அதற்குத்தான். நம்ம ஊர் மழைக்குப் பிறகு இது இன்னும் மோசம்.

இத்தனை வாக் கொடுத்தும் ஏன் கேட்டு வாங்கினார்கள்? ஒன்று வேகம். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒவ்வொரு பிட்ச்சிங் கோச்சும் நம்புவார். வைட் சாக்ஸில் டான் கூப்பர், கார்டினல்ஸில் டேவ் டங்கன், இருவரும் அடுத்தவர் கைவிட்ட பிட்ச்சரைத் தேற்றுவதில் பேர் போனவர்கள். ஜாக்சன் அரிசோனாவில் 2010ல் ஈஆர்ஏ 5.16, அதே ஆண்டு வைட் சாக்ஸில் 3.24. நம்பிக்கை சும்மா வரலை.

இரண்டாவது, என் கணக்கில் இதுதான் பெரியது: உடம்பு. 2007 முதல் 2013 வரை ஒவ்வோர் ஆண்டும் 30க்குக் குறையாமல் ஸ்டார்ட். 162 ஆட்டத்தை 5 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 32, 33தான் வரும். அதாவது முறை தவறாமல் வந்து நின்றார். சராசரி பிட்ச்சர், ஆனால் வராத நாள் இல்லை. இந்தச் சரக்கு எப்போதும் பற்றாக்குறை.

---

செங்காங்_சாஃப்ட்பால்

நன்றி அண்ணே, அந்தப் பாதத் தடப் பயிற்சியையும் குறிப்பில் சேர்த்தாச்சு. இரண்டு சின்னக் கேள்வி. 2018ல் ஈஆர்ஏ திடீரென்று 3.33 என்று இருக்கே, 34 வயதில் எப்படி? இன்னொன்று, இவர் மாதிரி ஆட்கள் ஜப்பான், கொரியா பக்கம் வருவார்களே, ஜாக்சன் பெயர் அங்கே இல்லையே?

---

காலாங்_இடக்கை

2018 அத்லெட்டிக்ஸ்: மேலே சொன்ன பற்றாக்குறைக்குச் சரியான உதாரணம். கெண்டல் கிரேவ்மன், ஜாரெல் காட்டன், ஏ. ஜே. பக், மூன்று பேருக்கும் அந்த ஆண்டு முழங்கைத் தசைநார் மாற்று அறுவை, அதாவது டாமி ஜான் சர்ஜரி. திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். ஜாக்சன் அப்போது நேஷனல்ஸின் மைனர் லீக்கில் இருந்தார். மைனர் லீக் ஒப்பந்தத்தில் அனுபவசாலிகள் ஒரு விலகல் தேதி எழுதி வாங்குவது வழக்கம். அந்த நாளுக்குள் மேலே அழைக்காவிட்டால் வெளியே போகலாம். ஜூன் தொடக்கத்தில் விலகினார், சில நாளில் அத்லெட்டிக்ஸ் எடுத்தது, ஜூன் 25ல் டெட்ராய்ட்டில் இறங்கினார். நோ-ஹிட்டர் போட்ட அதே தேதி, எட்டு ஆண்டு கழித்து. 17 ஸ்டார்ட், 6 வெற்றி, 3 தோல்வி. அந்த அணி 97 ஆட்டம் வென்று பிளே-ஆஃப் போனது. ஆனால் 17 ஸ்டார்ட் என்பது 92 இன்னிங்ஸ்தான். அதை வைத்து "மறுபிறவி" என்று தலைப்புப் போட்டால் அடுத்த வரியிலேயே 2019ன் 9.58 வந்து உதைக்கும்.

ஆசியா பக்கம்: கொரிய லீக்கில் 2025 வரை ஓர் அணிக்கு வெளிநாட்டவர் 3 பேர்தான், அதிலும் மூவரும் பிட்ச்சராக இருக்க முடியாது. முதல் ஆண்டுச் சம்பளத்துக்கு 1 மில்லியன் டாலர் உச்சவரம்பு. அதனால் அங்கே போகிறவர் பெரும்பாலும் மேஜர் லீக்கில் நிலைக்காத இருபதுகளின் பின்பாதி ஆள். உத்தரவாதச் சம்பளம் வாங்கும் ஆல்-ஸ்டாருக்கு அது வழியே இல்லை. நல்ல உதாரணம் வேண்டுமென்றால் எரிக் ஃபெடி. 2023ல் என்சி டைனோஸுக்கு 20 வெற்றி, ஈஆர்ஏ 2.00, லீக்கின் எம்விபி (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்). அடுத்த சீசனுக்கே வைட் சாக்ஸ் 2 ஆண்டுக்கு 15 மில்லியன் கொடுத்துக் கூட்டிக்கொண்டது. மெரில் கெல்லி கொரியாவில் 4 சீசன் ஆடிய பிறகுதான் மேஜர் லீக்கிலேயே கால் வைத்தார். மைல்ஸ் மைக்கோலஸ் ஜப்பானில் யோமியுரி ஜயன்ட்ஸிலிருந்து திரும்பி 2018ல் கார்டினல்ஸுக்கு 18 வெற்றி. அடுத்த மாதக் குறிப்புக்கு இவர்களில் யாரையாவது எடுக்கலாம். கொரிய ஆட்டம் வார நாளில் நமக்கு மாலை 5.30க்கு, பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்தே பார்க்கலாம். மேஜர் லீக் என்றால் நமக்குக் காலை 7 மணி, வகுப்பு நேரம்.

ஜாக்சன் ஆசியாவில் வீசவே இல்லை என்றும் எழுதிடாதீங்க. 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இருந்தார். மேஜர் லீக் 40 பேர் பட்டியலில் இருப்பவர்களை அங்கே விடவில்லை, இவர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் போக முடிந்தது. இறுதியில் ஜப்பான் 2-0 வென்றது, அமெரிக்காவுக்கு வெள்ளி. அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.

---

ஈசூன்_வாசகி

"ஜர்னிமேன்" (அணி அணியாக மாறி ஆடுபவர்) என்பதற்கு "நாடோடி" என்று போடாதீங்க, கேட்க நல்லா இல்லை. "பல ஊர்த் தண்ணி குடிச்சவர்" என்று தலைப்பு வைத்தால் பிள்ளைகள் வீட்டுல பாட்டிகூட புரிஞ்சுக்குவாங்க. பிறந்த ஊரிலேயே தொடங்கலாம்: அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் ஜெர்மனியின் நியூ-உல்மில் 1983 செப்டம்பர் 9ல் பிறந்தவர்.

---

செங்காங்_சாஃப்ட்பால்

அந்தத் தலைப்பையே வைக்கிறோம். முதல் பத்தி இப்படி வந்திருக்கு, பார்த்துச் சொல்லுங்க:

"எட்வின் ஜாக்சன் தன் 20வது பிறந்தநாளில் மேஜர் லீக்கில் இறங்கி, ராண்டி ஜான்சனை எதிர்த்து வீசி வென்றார். 6வது சுற்றில் தேர்வான அவர் 14 அணிக்கு ஆடினார், 2011ல் ஒரே நாளில் மூன்று அணிக்கு ஆடினார், 1,508 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். 2011 உலகக் கிண்ணம் வென்றார்."

---

பிடோக்_பேக்ஸ்டாப்

மூன்று திருத்தம். "ஒரே நாளில் மூன்று அணிக்கு ஆடினார்" இல்லை, "மூன்று அணியின் ஒப்பந்தத்தில் இருந்தார்". "உலகக் கிண்ணம்" இல்லை, "உலகத் தொடர்". பேஸ்பாலில் நாடுகள் மோதுவது வேறு போட்டி. "6வது சுற்றில் தேர்வான" என்பதோடு 2001, டாட்ஜர்ஸ் இரண்டையும் சேர்க்கணும், இல்லாவிட்டால் எங்கே தேர்வானார் என்று தெரியாது.

தேதி எல்லாம் அமெரிக்கத் தேதியாகவே இருக்கட்டும். அங்கே 27ஆம் தேதி நண்பகல் என்றால் இங்கே நள்ளிரவு, 28 பிறந்துவிடும். கைப்பேசியில் சிங்கப்பூர் நேரத்தில் பார்த்து யாராவது பிள்ளை "தப்பு" என்று கை தூக்கும்.